வேலை பறிபோன எழுதுவினைஞர்

மலைநாட்டுச் சிவப்பு: வரலாற்றுத் தொடர் – 14

சென்ற வாரம் போகம்பறைச் சிறை மதிலருகே நிறுத்தியிருந்தோம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு இடதுசாரி சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் பிடிபட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நாட்களில், சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் கண்டிப் போகம்பறைச் சிறையிலிருந்து தப்பி மறைந்தார்கள்.

இந்த வாரம் வருபவர் சிறையுடைத்தவர் அல்லர். லண்டனில் படித்த கலாநிதியும் அல்லர். கண்டி மாவட்டம் ஹதரலியத்தையில் 1913இல் பிறந்து, அரசாங்கக் கந்தோரில் பேனா பிடித்து உட்கார்ந்த எழுதுவினைஞர். பெயர் டி.பி. இலங்கரத்ன.

பிலிமத்தலாவையில் மக்கள் வங்கிக்குள் நுழைந்து தாலிக்கொடியை அடகு வைக்கிற பெண், கண்டி வீதியோரப் பெற்றோல் செட்டில் முச்சக்கர வண்டியை நிறுத்துகிற இளைஞர், வேலையை விட்டு நின்றதும் ஈ.பி.எஃப். படிவத்தை நிரப்புகிற பெரியவர் ஆகிய மூவரின் அன்றாடத்திலும் இந்த மனிதரின் கை பட்டிருக்கிறது. ஆனாலும் தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். மலைநாட்டின் இடதுசாரி வரலாறு என்றால் தோட்டங்களையும் சிறைகளையும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். கந்தோர் மேசையிலிருந்து எழுந்த வரலாறும் ஒன்று உண்டு.

★

1947 மே மாதம்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் விலைவாசி இறங்கவில்லை. சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எங்கும் இருந்தது. அரசாங்க ஊழியனுக்கோ வாய்ப்பூட்டு. அவன் அரசியல் பேசக் கூடாது. சங்கம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வெளியிலுள்ள தொழிலாளர் சங்கங்களோடு இணைக்கக் கூடாது. துறைமுகத் தொழிலாளியும் கந்தோர் எழுதுவினைஞனும் ஒரே கொடியின் கீழ் நின்றுவிடுவார்களோ என்பதே ஆட்சியாளரின் பயம்.

அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் இலங்கரத்ன. தொழிற்சங்க உரிமை கேட்டு, மே மாத இறுதியில் காலிமுகத் திடலில் சங்கம் பெருங்கூட்டம் கூட்டியது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்தவர்கள் திடலில் திரண்டார்கள்.

மறுமொழி உடனே வந்தது. தலைவரும் சங்க நிர்வாகிகளும் பணி இடைநிறுத்தப்பட்டார்கள்.

எழுதுவினைஞர்கள் பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். மற்றத் துறைகளின் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, அது பொது வேலைநிறுத்தமாகப் பெருகியது. ஆட்சியாளர் எதைத் தடுக்க முனைந்தார்களோ, அதுவே தெருவில் நடந்தது.

ஜூன் 5. கொழும்பில் கூட்டம் முடிந்து வேலைநிறுத்தக்காரர்கள் கொலன்னாவையை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். பொலிஸ் மறித்தது. பிறகு சுட்டது.

விழுந்தவர் வி. கந்தசாமி. அரசாங்க எழுதுவினைஞர். தமிழர்.

அவரை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்? இந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகளாக அவருக்கு அஞ்சலி செலுத்தி வந்திருக்கின்றன. சிங்களத் தலைவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுத் தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் தெருவில் இறங்கி உயிர்விட்ட நாள் அது. இனம் எது என்று அந்த ஊர்வலத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளில், அதே கந்தோர்களில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வியாகப் போகிறது.

வேலைநிறுத்தம் தோற்றது. இலங்கரத்ன வேலையை இழந்தார். இன்னொன்றும் நடந்தது. அந்த வேலைநிறுத்தத்தின் நடுவே, ஜூன் மாதத்திலேயே, அவசரம் அவசரமாக ஒரு சட்டம் பிறந்தது: 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். நாட்டில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ய இன்றுவரை கையாளப்படுவது அதுவே. 1958இலும் 1971இலும் 1983இலும் வெளியே எடுக்கப்பட்ட ஆயுதம், முதலில் எழுதுவினைஞர்களையும் தொழிலாளர்களையும் அடக்கவே செய்யப்பட்டது. வாசகர்கள் இந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் வரும்.

★

வேலையில்லாத எழுதுவினைஞர் கண்டிக்குத் திரும்பினார். தேர்தல் வந்தது.

கண்டித் தொகுதியில் எதிரே நின்றவர் சாதாரண ஆள் அல்லர். ஜோர்ஜ் ஈ. டி சில்வா, ஊரில் எல்லோரும் உரிமையோடு பெயர் சொல்லி அழைத்த வழக்கறிஞர். உயர்குலப் பிரபுக்களின் கோட்டையில் ஏழைகளுக்காகப் பேசி வளர்ந்தவர். அரசாங்க சபையில் சுகாதார அமைச்சராக இருந்தவர். போகம்பறையருகே உள்ள பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவருடைய மனைவி அக்னஸ் டி சில்வாவை இங்கே கடந்து போக மனம் வரவில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர் அவர். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழுவின் தலைவர் வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தயங்காமல் சொன்னார். 1920களின் இறுதியில், கண்டியைச் சேர்ந்த ஒரு பெண் எடுத்த நிலை அது. அந்தத் தெளிவு பின்வந்த பல தலைவர்களுக்கு வாய்க்கவில்லை.

1947இல் வென்றவர் டி சில்வாவே. டி.எஸ். சேனாநாயக்கவின் முதல் அமைச்சரவையில் கைத்தொழில், மீன்பிடித் துறைகள் அவர் கைக்கு வந்தன.

இலங்கரத்ன விட்டுவிடவில்லை. தேர்தல் மனுத் தாக்கல் செய்தார். தோற்றவர்கள் ஆறுதலுக்காகச் செய்யும் காரியம் என்றே பலர் நினைத்திருக்கக் கூடும். நீதிமன்றம் மனுவை ஏற்றது. 1948இல் பதவியிலிருந்த ஓர் அமைச்சர் ஆசனத்தை இழந்தார். ஓராண்டுக்கு முன் வேலையிலிருந்து துரத்தப்பட்ட எழுதுவினைஞரின் மனு, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஓர் இடத்தை வெற்றிடமாக்கியது.

இடைத்தேர்தலில் இலங்கரத்ன வென்றார்.

கதை அத்தோடு முடியவில்லை. அவருடைய வெற்றிக்கு எதிராகவும் மனுப் போடப்பட்டது. அவரும் ஆசனத்தை இழந்தார். 1949இல் கண்டி மக்கள் மறுபடியும் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். இம்முறை நின்றவர் அவர் மனைவி தமரா குமாரி இலங்கரத்ன. அவரும் வென்றார். இந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் சில பெண்களில் அவர் ஒருவர்.

இரண்டு ஆண்டுகளில் ஒரே தொகுதியில் மூன்று தேர்தல்கள், இரண்டு மனுக்கள். சட்டத்தின் எழுத்தைப் படித்து, அதைக்கொண்டே பெரியவர்களோடு மோதலாம் என்று இலங்கரத்ன கற்றுக்கொண்ட இடம் கண்டி. கந்தோர்க் கோப்புகளோடு பழகிய கை அது. அவருடைய பிற்காலச் செயல்களில் மேடை முழக்கத்தைவிடச் சட்டமூலங்களே அதிகம் என்பதற்கு, என் பார்வையில், இந்த இரண்டு ஆண்டுகளே காரணம்.

★

1951 செப்டெம்பரில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இலங்கரத்ன அதில் சேர்ந்து அதன் இடதுசாரிப் பக்கமாக நின்றார். 1952 தேர்தலில் அந்தக் கட்சி வென்றது ஒன்பதே ஆசனங்கள். அவற்றில் ஒன்று இலங்கரத்ன வென்ற கலஹா.

பேராதனையிலிருந்து மலையேறும் பாதை கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக்கிய லூல்கந்துரைத் தோட்டம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மலைச்சரிவெங்கும் லயன்களில் தமிழர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களில் பெரும்பாலோரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து அழித்திருந்தன. 1947இல் தோட்டத் தமிழரின் வாக்கால் ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவர்கூடப் போகவில்லை.

கலஹாவில் இலங்கரத்ன கேட்ட வாக்குகள், இந்த அழிப்புக்குப் பின் எஞ்சியவை. பின்னர் அவர் ஹேவாஹெட்டத் தொகுதியையும் பிரதிநிதித்துவம் செய்தார். கோவிந்தன் விழுந்த முல்லோயா இருக்கும் பகுதி அது. தொழிலாளர் உரிமைக்காக வேலை இழந்த ஒருவர், தன் தொகுதியிலேயே மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் வாக்கில்லாமல் நிற்பதைப் பார்த்தபடி அரசியல் செய்தார். இதை மறைத்துவிட்டு அவருடைய சாதனையை எழுத என்னால் முடியாது.

1956. பண்டாரநாயக்க ஆட்சியமைத்தார். தொழில், வீடமைப்பு, சமூக சேவை அமைச்சு இலங்கரத்னவுக்கு. இந்த அமைச்சருக்குத் தொழில் திணைக்களக் கோப்பு எதுவும் புதிதாக இருந்திருக்காது. எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவற்றோடு போராடியவர் அவர்.

அந்த அமைச்சிலிருந்து வந்ததே 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) சட்டம். அதுவரை ஓய்வூதியம் அரசாங்க உத்தியோகத்தருக்கு உரியது. கடையில், தொழிற்சாலையில், தோட்டத்தில் உழைத்தவர் உடல் தளர்ந்தால் பிள்ளைகளின் கையைப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் தாங்களாக நிதி வைத்திருந்தன. சட்டம் அதை எல்லாத் தனியார்துறை முதலாளிகளின் கடமையாக்கியது. இன்று தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். கணக்கு மத்திய வங்கியிடம். கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் அதில் கணக்கு உண்டு.

வாக்கு இல்லாதவருக்கு முதுமைக்கால நிதி கிடைத்தது. அந்த ஆட்சி கொடுத்ததும் கொடுக்காததும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன.

அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. கந்தசாமியோடு அணிவகுத்த தமிழ் எழுதுவினைஞர்கள், பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை எழுத வேண்டியவர்களானார்கள். அந்தச் சட்டத்தை இயற்றிய அமைச்சரவையில் அவர்களுடைய பழைய சங்கத் தலைவர் இருந்தார்.

★

இப்போது எண்ணெய்.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். இலங்கரத்ன கையில் வர்த்தகமும் உணவும் கப்பற்றுறையும். கஜானாவிலோ அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. தேயிலையும் இறப்பரும் தேங்காயும் விற்று வந்த பணம், அரிசிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் போய்க்கொண்டிருந்தது.

எண்ணெயை ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகள் கொண்டுவந்தன. ஒன்று பிரித்தானிய–டச்சு, மற்ற இரண்டும் அமெரிக்க. நாட்டில் சுத்திகரிப்பு ஆலை இல்லை. கம்பனி தன் தாய்க் கம்பனியிடம் வாங்கும், தாய்க் கம்பனி சொன்னதே விலை. தீவின் எண்ணெய்க் களஞ்சியம் இருந்த இடம் கொலன்னாவை. 1947இல் கந்தசாமி நடந்த ஊர்வலம் நோக்கிப் போன அதே ஊர்.

சோவியத் ஒன்றியம் குறைந்த விலைக்கு எண்ணெய் தரத் தயாராக இருந்தது. அயலில் இந்தியாவும் அதே வழியைப் பார்த்திருந்தது. அங்கே கே.டி. மாளவியா சோவியத் எண்ணெயைக் காட்டிக் கம்பனிகளோடு விலை பேசினார். கியூபாவில் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்த கம்பனிகளின் ஆலைகளை 1960இல் காஸ்ட்ரோ எடுத்துக்கொண்டார்.

இலங்கரத்ன எடுத்த வழி சட்டமூலம். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிகளை முழுதாக விழுங்கவில்லை. முதலில் பெற்றோல் நிலையங்களிலும் களஞ்சியங்களிலும் ஒரு பங்கை மட்டும் 1962இல் எடுத்துக்கொண்டு, கூட்டுத்தாபனம் அவர்களோடு போட்டிக்கு விற்கத் தொடங்கியது. அதே 1961 ஜூலை 1இல் மக்கள் வங்கி பிறந்தது. பழைய கூட்டுறவுச் சம்மேளன வங்கியின் இடத்தில் அது வந்தது. கொழும்பு வங்கிகளின் படியேறத் தயங்கிய கிராமத்தவர் அதன் முதல் வாடிக்கையாளர்கள். ஆயுட்காப்புறுதியும் 1962 தொடக்கம் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் வேலையானது.

வங்கிக்கும் காப்புறுதிக்கும் உலகம் அதிரவில்லை. எண்ணெய்க்கு அதிர்ந்தது.

தகராறு நட்டஈட்டில் வந்தது. கம்பனிகள் கேட்ட கணக்கு வேறு, அரசாங்கம் மதித்த கணக்கு வேறு. இங்கே பேச்சு இழுபட, வாஷிங்டனில் ஒரு சட்டம் தயாரானது. அமெரிக்கச் சொத்தைப் பறித்த நாடு ஆறு மாதத்துக்குள் தக்க நட்டஈட்டுக்கு வழி செய்யாவிட்டால் உதவியை நிறுத்த வேண்டும் என்றது 1962இன் ஹிக்கன்லூப்பர் திருத்தம். பிரேசிலில் ஒரு தொலைபேசிக் கம்பனி பறிபோன கோபத்தில் எழுந்த சட்டம் அது. அதன் முதல் அடி விழுந்தது பிரேசில் மேல் அன்று, இலங்கை மேல்.

கொழும்பில் அப்போதைய அமெரிக்கத் தூதுவர் பிரான்சிஸ் வில்லிஸ். காலக்கெடு நெருங்கியது. அமைச்சர் அசையவில்லை.

1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தபோதும் இந்நாடு வாஷிங்டனின் கோபத்தைச் சந்தித்தது. அப்போது ஆண்டது ஐக்கிய தேசியக் கட்சி. மலிவாக எங்கே கிடைக்குமோ அங்கே வாங்குவது என்பது சிவப்புக் கொடிக்காரரின் கண்டுபிடிப்பு அன்று. இறக்குமதியில் வாழும் சிறு நாட்டின் பிழைப்பு. இலங்கரத்ன செய்தது அந்தப் பிழைப்பைச் சட்டமாக்கியது. அவர் பணிந்திருந்தால், அதே நெருக்குதலில் அடுத்த விலையும் அடுத்த நிபந்தனையும் வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த அடியை அவரே எடுத்தார். 1964 பிறந்தபோது தீவின் எண்ணெய் விநியோகம் முழுதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்திருந்தது. நட்டஈட்டுக் கணக்கை 1965இல் வந்த டட்லி சேனாநாயக்க அரசாங்கம் தீர்த்தது, அமெரிக்க உதவி திரும்பியது. ஆனால் டட்லியும் கூட்டுத்தாபனத்தைக் கலைக்கவில்லை. அவருடைய காலத்தில், 1969இல், சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலையே எழுந்தது. இந்தியக் கம்பனி ஒன்று பெற்றோல் விற்க உள்ளே வந்தது 2003இல்தான். 2022இல் நாம் இரவு பகலாக வரிசையில் கிடந்ததற்கு இந்தக் கூட்டுத்தாபனத்தின் கடனும் நிர்வாகமும் ஒரு காரணம் என்பதும் உண்மை. அறுபது ஆண்டுகளாக அதை நடத்தியவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

★

1963இல் நிதியமைச்சு இலங்கரத்னவிடம் வந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் எவருடைய மாதச் சம்பளத்தை நிறுத்தியதோ, அவர் அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

இதற்கிடையே 1961இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். தமிழரசுக் கட்சியினர் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். ஏப்ரலில் அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, இராணுவத்தை அனுப்பி, தலைவர்களைப் பனாகொடை முகாமில் அடைத்தது. அதற்குக் கைகொடுத்தது அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கரத்னவுக்கும் கந்தசாமிக்கும் எதிராகச் செய்யப்பட்டதை, இலங்கரத்ன இருந்த அமைச்சரவை தமிழர்மேல் எடுத்தது.

1964 ஜூனில் திருப்பம் வந்தது. சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது. இலங்கரத்ன நிதியமைச்சைக் கொடுத்துவிட்டு வர்த்தகத்துக்குத் திரும்பினார். நிதியமைச்சராக வந்தவர் போகம்பறையிலிருந்து தப்பிய என்.எம். பெரேரா. 1947இன் வேலைநிறுத்தத்தில் ஒரே பக்கம் நின்ற இருவரும் இப்போது ஒரே அமைச்சரவையில்.

நான்கு மாதம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மக்களில் எவரையும் கேட்காமல் போடப்பட்ட கணக்கு அது.

1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் சமசமாஜிகள். கலஹா லயன்களையும் ஹேவாஹெட்டத் தோட்டங்களையும் கண்ணால் கண்டவர் இலங்கரத்ன. இரு தரப்பினரும் அமர்ந்திருந்த அமைச்சரவையில் இந்தக் கணக்கு எப்படி நிறைவேறியது? எதிர்க்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்?

(அடுத்த வாரம் தொடரும்)